அக்காவின் சவரம்

பெக்கான் நானாஸ்,
14.1.2024

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கே அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மழையோடு வருகிறது, வெயிலோடு போகிறது. நீ எப்படி இருக்கிறாய்? தைப்பிங் மழை பொல்லாதது. சளி பிடிக்க விடாதே. போன கடிதத்தில் என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய். மடத்துக்குப் போய் ஒரு வருடத்தில் அக்காவுக்கு இவ்வளவு மரியாதையா என்று சிரித்துக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தாடி வளர்கிறது.

இந்த மூன்று சொல்லை எழுத எனக்குப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது. பதினெட்டு வயதில் தாடைக்குக் கீழே நாலைந்து முடி. இப்போது இரண்டு கன்னத்தின் ஓரமும், தாடை முழுக்கவும். ஒரே அறையில்தானே தூங்கினோம், உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி இருந்தாய். நானும் நீ தெரியாத மாதிரி இருப்பது தெரியாத மாதிரி இருந்தேன். வாராவாரம் பொந்தியானுக்குப் போய் நூல் போட்டுப் பிடுங்குவேன். மீதியை வீட்டில் பிடுங்கியால் பிடுங்குவேன். கோவிட் வந்தபோது ஊரே அழுதது. நான் மட்டும் முகக்கவசத்துக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். எல்லாரும் அதைக் கழற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. நான் இன்னும் கழற்றவில்லை. பல் டாக்டரின் உதவியாளர்தானே, யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

போன மாதம் தாடையில் கட்டி கட்டியாக வந்து சீழ் வைத்துவிட்டது. ஜே.பி. நகரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிடுங்குறத நிறுத்துங்க. முடி உள்ளுக்குள்ளயே வளைஞ்சு வளருது. ஷேவ் பண்ணுங்க" என்றார், காய்ச்சலுக்கு மாத்திரை எழுதுகிற குரலில். ஹார்மோனுக்கும் மருந்து கொடுத்திருக்கிறார். பிளாஸ்டிக் ரேசரில் இருக்கும் மூன்று நான்கு பிளேடு எனக்கு ஆகாதாம். ஒற்றை பிளேடு போடுகிற பழைய மாதிரி சேஃப்டி ரேசர்தான் நல்லது என்றார்.

பொந்தியானில் முடிதிருத்துவோருக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். கடைக்கார மலாய் அம்மா, "உந்துக் சுவாமி?" என்றார். மலாயில் சுவாமி என்றால் புருஷன் என்பதை உன் சிஸ்டர்களுக்குச் சொல்லிவிடு, தப்பாக நினைக்கப்போகிறார்கள். "புருஷனுக்கு இல்லை, எனக்கு" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு நல்ல பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து வைத்தார்.

நேற்றுக் காலை முதல் சவரம். ரேசரின் தலை மூன்று துண்டாகக் கழல்கிறது. நடுத்தட்டைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். பத்து நிமிடம் வழித்தும் நுரைதான் போனது, முடி போகவில்லை. சரியாகப் போட்டதும் அழுத்தி இழுத்தேன். மூன்று வெட்டு. மூக்குக்குக் கீழே ஒன்று, தாடையில் இரண்டு. அம்மா கதவைத் தட்டி, "என்னடி உள்ள பண்ற?" என்றார். "பல்லு வெளக்குறேம்மா" என்றேன். அதுதான் கடைசிப் பொய் என்று வாஷ்பேசினில் ஓடிய ரத்தத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

அன்புடன்,
அக்கா அபிகெயில்


மடம், தைப்பிங்,
4.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். மரியே வாழ்க. ஆண்டவர் அருளால் நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்காகத் தினமும் செபிக்கிறேன். உங்கள் காயம் ஆறிவிட்டதா?

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் பட்ட வேதனைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இங்கே கீரைப் பாத்தி நன்றாக வந்திருக்கிறது. காலால் மிதிக்கும் ஆர்மோனியம் வாசிக்க எனக்குக் கற்றுத் தருகிறார்கள். எங்கள் பயிற்சித் தலைவி சிஸ்டர் மார்கிரெட், நான் அதை மிதிப்பது சைக்கிள் ஓட்டுவது போல் இருக்கிறது என்கிறார்.

தவக்காலம் தொடங்கினால் உயிர்ப்பு விழா வரை நாங்கள் கடிதம் எழுத மாட்டோம். நீங்கள் எழுதலாம், எனக்குக் கொடுப்பார்கள்.

ஒரு சந்தேகம். கண்ணாடி இல்லாமல் சவரம் செய்ய முடியுமா? இங்கே எங்கள் அறைகளில் கண்ணாடி கிடையாது. அதனால் சும்மா தோன்றியது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

கிறிஸ்துவில் உங்கள் தங்கை,
ஜெசிந்தா


பெக்கான் நானாஸ்,
3.3.2024

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நலம்தானே? நோன்பு என்று சொல்லிச் சாப்பிடாமல் இருந்துவிடாதே. நீ ஏற்கெனவே ஈர்க்குச்சி. இங்கே நாங்கள் நலம். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதைக்குப் போகிறார்.

எனக்கு இப்போது கை வந்துவிட்டது. இத்தனை நாள் செய்த தப்பு அழுத்தியதுதான். ரேசருக்கே கனம் இருக்கிறது, நாம் பலம் கொடுக்கக் கூடாது. தலையைக் கன்னத்தில் படுக்க வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கினால், ஓர் இடத்தில் 'சர்' என்று சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சாய்வுதான் சரி. இன்னொன்று, முடி எந்தப் பக்கம் படுக்கிறதோ அந்தப் பக்கமே இழுக்க வேண்டும். கன்னத்தில் கீழ்நோக்கிப் படுக்கிறது. தாடைக்கு அடியில் மேல்நோக்கி ஏறுகிறது. இந்த முகத்தோடு முப்பத்து நாலு வருடம் இருந்தும் இது எனக்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஆகவே உன் சந்தேகத்துக்குப் பதில்: முடியும். பாதி வேலையைக் காதும் விரலும்தான் செய்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் முகக்கவசத்தைக் கழற்றினேன். சிகிச்சை அறைக்குள் போட்டுக்கொள்கிறேன், வெளியே வந்தால் கழற்றிவிடுகிறேன். முதல் நாள் தாடையில் சின்னப் பிளாஸ்டர். கவுண்டரில் இருக்கும் ஷாமளா பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, பூன கீறிருச்சா?"

"இல்ல. ஷேவ் பண்ணப்ப வெட்டிருச்சு."

"எத ஷேவ் பண்ணீங்க?"

"மூஞ்சியத்தான்."

"அலமாக்" என்று வாயைப் பிளந்தாள். கம்ப்யூட்டரில் அடுத்த நோயாளியின் பெயரைத் தட்டினாள். பிறகு, "வலிக்குமாக்கா?" என்றாள். "பிடுங்குறதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல" என்றேன். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. மதியம் இருவரும் நாசி லெமாக் சாப்பிட்டோம்.

அம்மாவிடமும் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

கீரைக்குத் தண்ணீர் ஊற்று, உனக்கும் ஊற்றிக்கொள்.

அன்புடன்,
அக்கா


மடம், தைப்பிங்,
7.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவருக்கே புகழ். உயிர்ப்பு விழா இங்கே மகிழ்ச்சியாக நடந்தது. நான் ஆர்மோனியத்தில் இரண்டு இடத்தில்தான் தப்பு செய்தேன். அம்மாவும் நீங்களும் நலமா? நான் நலம். எடைகூட ஏறியிருக்கிறேன்.

உங்கள் தைரியம் எனக்கு வராது, அக்கா. ஷாமளாவிடம் நீங்கள் பேசியதை வேலையின் நடுவே நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

வெந்நீர் இல்லாவிட்டால் தோல் அதிகம் வெட்டுமா? சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பார்களே, உண்மையா? பிடுங்கிய இடத்தில் விழுந்த கறுத்த தழும்பு மறைய எத்தனை மாதம் ஆகும்?

இவற்றையெல்லாம் உங்களுக்காகத்தான் கேட்கிறேன். உங்களுக்காகச் செபிக்கும்போது விவரம் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

கிறிஸ்துவில்,
ஜெசிந்தா


பெக்கான் நானாஸ்,
19.5.2024

அன்புள்ள ஜெசிந்தாவுக்கு,

நான் நலம். அம்மா உடம்பு நலம், மனசு நலமில்லை. காரணம் நான்தான்.

முதலில் உன் கேள்விகள். தண்ணீர் சில்லென்றிருந்தாலும் பரவாயில்லை, நுரையை நன்றாக ஊற விட்டால் போதும். தடித்து வளராது, டாக்டரிடமே கேட்டுவிட்டேன். தழும்பு மங்க ஆறேழு மாதமாவது ஆகும்.

இப்போது கதை. கோயிலில் பெண்கள் சபைத் தலைவி ரோசலின் ஆன்ட்டி எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பெயர் ஷான். முப்பத்தேழு வயது, செனாயில் விமான மெக்கானிக். போன ஞாயிறு மதியம் குலாயிலிருந்து அவரும் அவர் அம்மாவும் பெரியம்மாவும் வந்தார்கள். அம்மா காலையிலிருந்து கேசரி, வடை என்று ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே ஓர் உத்தரவு: "வாயத் திறக்காத."

திறக்காமல்தான் இருந்தேன். ஷானின் அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "பொண்ணு மொகம் என்னமா வழவழன்னு இருக்கு! என்ன கிரீம் போடுறம்மா?" என்றார்.

ரோசா இதழ் என்றோ கடலை மாவு என்றோ சொல்லியிருக்கலாம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிச் சொன்னால் இந்த மனிதரோடு வாழப்போகும் ஒவ்வொரு காலையும் கதவைப் பூட்டிக்கொண்டு பல் விளக்குவதாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"கிரீம் இல்ல ஆன்ட்டி. காலையில ஷேவ் பண்ணேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார்கள். சிரிப்பு நின்றதும் மறுபடி சொன்னேன். "நெசமாதான். எனக்குத் தாடி வளரும். ஹார்மோன் கோளாறு, மருந்து சாப்பிடுறேன். அதுபாட்டுக்கு வளருது, நான்பாட்டுக்கு வழிக்கிறேன். இப்பவே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே?"

பெரியம்மா வடையைத் தட்டில் வைத்துவிட்டார். ஷான்தான் பேசினார். "தெனமுமா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"எனக்கு ஒருநாள் விட்டா அரிக்கும்" என்றார். சொல்லிவிட்டுத் தாடையைச் சொறிந்தபடி சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. அவர் அம்மா எழுந்துவிட்டார், பையையும் எடுத்துவிட்டார். பின்னாலேயே அவரும் போனார். மறுநாள் ரோசலின் ஆன்ட்டிக்கு 'ஒத்து வராது' என்று மெசேஜ்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. எழுதிவிட்டேன். இதைப் பற்றி நீ ஒன்றும் கேட்காதே.

அம்மா ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுகிறார். நானும் இறங்கிப் போகவில்லை. இனிமேலும் போகப்போவதில்லை.

பூசைக்கு நடுவே தும்மாமல் இரு.

அன்புடன்,
அக்கா


மடம், தைப்பிங்,
9.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நலம், நலமறிய ஆவல்.

இந்த மாதம் சுருக்கமாக எழுதுகிறேன். நீங்கள் செய்தது தவறென்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டுமா? அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தீர்களா? சிலவற்றை ஆண்டவர் ஒருவருக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம், அக்கா. அவர் மறைத்துக் காப்பார். அதற்கென்று இடம் இல்லாமலா போய்விட்டது?

அம்மாவிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள்.

ஜெசிந்தா


பெக்கான் நானாஸ்,
16.6.2024

ஜெசி,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

உன் கடைசி மூன்று கடிதத்தையும் வரிசையாக மேசையில் வைத்துப் படித்தேன். கண்ணாடி இல்லாமல் முடியுமா? வெந்நீர் இல்லாவிட்டால் வெட்டுமா? தழும்பு மறைய எத்தனை மாதம்? எனக்குக் கண்ணாடி இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது. நீ கேட்கும்வரை தழும்பைப் பற்றி நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

உனக்கும் இருக்கிறதுதானே?

நான் எவ்வளவு பெரிய மடச்சி. ஒரே அறையில் நான் ஒளிந்தேன், நீ ஒளிந்தாய். உன் பள்ளிக்கூட நாட்களில் நீ குளியலறைக்குள் போனால் ஒரு மணி நேரம் வரமாட்டாய், நான் கதவை உதைத்துத் திட்டுவேன். நீ துறவு ஆடை போட்ட முதல் படத்தை அனுப்பினாயே, வெள்ளைத் துணி தாடைக்கு அடியில் இறுக்கிக் கட்டியிருந்தது. இன்று அந்தப் படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தேன்.

ஜெசி, நேராகவே கேட்கிறேன். நீ ஆண்டவருக்காகப் போனாயா, அந்தத் துணிக்காகப் போனாயா? மறைத்துக் காப்பார் என்று எழுதினாயே, ஒளிந்துகொள்ளவா மடத்துக்குப் போனாய்? அப்படியென்றால் திரும்பி வா. ஒளிய வேண்டிய குற்றம் எதையும் நீ செய்யவில்லை. நாளைக்கே பஸ் ஏறி வந்து கூட்டிப் போகிறேன்.

இதோடு ஒரு பார்சல் அனுப்புகிறேன். புது ரேசர், பிரஷ், சோப்பு, படிகாரக் கல். பிளேடை விளிம்பில் பிடிக்காதே, இரண்டு குட்டைப் பக்கத்தில் பிடித்துப் போடு. பார்சலைப் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பிரிக்கட்டும்.

அக்கா


பெக்கான் நானாஸ்,
25.8.2024

அன்புள்ள ஜெசிக்கு,

ஜூலை போய்விட்டது, ஆகஸ்டும் போகப்போகிறது. உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதும் இல்லையே? மடத்துக்குப் போன் செய்தேன். "நலமாக இருக்கிறார், எழுதுவார்" என்று மட்டும் சொன்னார்கள்.

கோபமாக இருந்தால் கோபத்தையாவது எழுது.

இங்கே செய்தி ஒன்று. ஞாயிறு தமிழ்ப் பூசையில் நான் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பது உனக்குத் தெரியும். வாசகர் பட்டியல் போடுவது ரோசலின் ஆன்ட்டிதான். போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுத்துக்கம்மா. மேல நின்னா எல்லாரும் ஒன் மொகத்தத்தான் பாப்பாங்க" என்றார்.

"பாக்கட்டும் ஆன்ட்டி. காது சும்மாதானே இருக்கும், அது கேட்கும்."

"நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"ஃபாதர் சொன்னா நிறுத்துறேன். நீங்க சொன்னா நிறுத்த மாட்டேன்."

ஃபாதரிடம் போனார். ஃபாதர் என்ன சொன்னாரோ தெரியாது, பட்டியலில் என் பெயர் அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு வாசித்தேன். ஒரு வரியைத் தவறவிட்டு மறுபடி வாசித்தேன். ஆனால் வாசித்து முடித்தேன்.

அம்மா இப்போது பேசுகிறார், தேவைக்கு மட்டும். "உப்பு இருக்கா", "கதவு பூட்டியாச்சா". சாவு வீட்டில் விசாரிப்பது போல் இருக்கிறது.

எழுது, ஜெசி.

அக்கா


மடம், தைப்பிங்,
3.11.2024

அக்கா,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று கோபத்தோடும் செபித்தேன். அதனால் இந்த நலம் விசாரிப்பு உண்மையானது.

பார்சல் வந்த அன்று சிஸ்டர் மார்கிரெட் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் ரேசர், பிரஷ், எல்லாம் பரப்பியிருந்தது. "இது என்ன, மகளே?" என்றார். அக்கா தவறாக அனுப்பிவிட்டாள் என்றேன். அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தப் பொய்க்குப் பிறகு எனக்குப் பாட்டு வரவில்லை. மூன்று மாதம் திருப்பாடல் சொல்லும்போது வாயை மட்டும் அசைத்தேன்.

உனக்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், எனக்கும் இருக்கிறது. பதினேழு வயதிலிருந்து. இங்கே குளியலறை இருட்டில் விரலால் தடவித் தடவிப் பிடுங்குவேன். சீழ் வைத்த இடத்தில் துணி ஒட்டிக்கொள்ளும், கழற்றும்போது உயிர் போகும். அதைத் தவ முயற்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதன்முதலில் இந்தச் சிஸ்டர்களைப் பார்த்தபோது என் கண் அந்தத் துணிக்குத்தான் போனது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீ கேட்ட கேள்வி இருக்கிறதே, அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம். என் முழு வாழ்க்கையும் நாலு முடிக்குள் அடங்கிவிட்டது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். பஸ் ஏறி வந்து கூட்டிப் போவாயாம்! நான் என்ன, பள்ளிக்கூடத்தில் மறந்து விட்டுவந்த பையா? விடியற்காலையில் இருபது பேர் ஒரே மூச்சில் பாடும்போது என் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியுமா? துணிக்காக வந்தவள் ஆறு மாதத்தில் ஓடியிருப்பாள். எனக்கு இங்கே இருக்கப் பிடித்திருக்கிறது. ஆண்டவர் என்னை எந்த வாசல் வழியாக உள்ளே இழுத்தார் என்பது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். உனக்கு அதில் இடமில்லை.

ஆனால் பொய்யோடு இருக்க மாட்டேன். செப்டம்பர் கடைசியில், எல்லாரும் கூடும் நேரத்தில் எழுந்து நின்று சொன்னேன். "எனக்குத் தாடி வளர்கிறது. இத்தனை நாள் பிடுங்கி மறைத்தேன். சிஸ்டரிடம் பொய் சொன்னேன், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தாடிக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இனிமேல் சவரம் செய்யப்போகிறேன். இதோடு என்னை ஏற்பதானால் ஏற்றுக்கொள்ளுங்கள்."

ஒரு சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். சிஸ்டர் மார்கிரெட் எழுந்து போனார். வெளியே அனுப்பும் கடிதம் எழுதத்தான் போகிறார் என்று நினைத்தேன். அலமாரியைத் திறந்து பார்சலோடு வந்தார்.

"வெந்நீர் ஒனக்கு மட்டும் தர முடியாது. எல்லாருக்கும் பச்சத் தண்ணிதான்."

"பச்சத் தண்ணி போதும் சிஸ்டர். எங்கக்கா சொல்லியிருக்கா."

மறுநாள் முதல் சவரம். நாலு வெட்டு. உன்னைவிட ஒன்று அதிகம். நீ எழுதிய அந்தச் சத்தம் மூன்றாம் நாள்தான் எனக்குக் கேட்டது.

ஜனவரி 18 எனக்கு முதல் வார்த்தைப்பாடு, ஆண்டவர் முன் துறவு வாக்குக் கொடுக்கும் நாள். நீயும் அம்மாவும் வர வேண்டும். கூட்டிப் போக இல்லை, பார்க்க.

ஜெசி


பெக்கான் நானாஸ்,
23.11.2024

அன்புள்ள ஜெசிக்கு,

நான் கேட்டது தப்பு. உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். அன்றிரவே டெங்கி காய்ச்சலில் விழுந்துவிட்டேன். பயப்படாதே, இப்போது நலம். நேற்றுத்தான் வீடு வந்தேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பொந்தியான் ஆஸ்பத்திரியில் எட்டு நாள். ரத்தத்தில் தட்டணுக்கள் பாதாளத்துக்குப் போய்விட்டன. வெட்டுப்பட்டால் ரத்தம் நிற்காது, பிளேடைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஆக, பதினாறு வருடத்தில் முதல் முறையாக என் தாடி தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது.

அம்மா தினமும் வந்தார். கஞ்சி ஊட்டினார், உடம்பு துடைத்தார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பார்வையாளர் நேரம் மணி அடித்ததும் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடிவிடுவார். யார் வந்தாலும் வெளியே நின்றே, "தூங்குறா" என்று அனுப்பிவிடுவார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் ரோசலின் ஆன்ட்டி சபைப் பெண்கள் இரண்டு பேரோடு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"தூங்கினா பரவால்ல சூசையம்மா, ஓரமா நின்னு பாத்துட்டு ஒரு செபம் சொல்லிட்டுப் போறோம்."

கம்பியில் வளையங்கள் கடகடவென்று ஓட, திரை முழுக்கத் திறந்தது. திறந்தது அம்மா.

"அபிக்குத் தாடி வளரும். ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான். காய்ச்சல்ல எடுக்க முடியல. ஒடம்பு எப்படி இருக்குன்னு பாக்க வந்திருந்தா உக்காருங்க. வேடிக்க பாக்க வந்திருந்தா, இப்பவே பாத்துட்டுப் போயிருங்க."

பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாகூட எழுந்து உட்கார்ந்துவிட்டார். கூட வந்த ஒருத்தி வாசலைப் பார்த்தாள். ரோசலின் ஆன்ட்டி என்னைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்த ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார். சுளை சுளையாக எடுத்து என் கையில் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

அவர்கள் போனதும் அம்மா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னாசித் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்து ரேகை தேய்ந்துபோன கை உனக்குத் தெரியுமே, அந்தக் கையால் என் தாடையைத் தொட்டார். "முள்ளு முள்ளா இருக்கு" என்றார். கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சின்னவளுக்கும் இருக்குன்னு எனக்குத் தெரியும்டி. அங்க போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னுதான் ஒடனே சரின்னேன்" என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'நான் என்ன, மறந்து விட்டுவந்த பையா' என்ற இடத்தில் அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "அவளுக்கு வாய் எப்ப மொளச்சுது?" என்று கேட்டார்.

ஜனவரி 17 வண்டிக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பார்க்க மட்டும்தான் வருகிறோம்.

நாளை கிறிஸ்து அரசர் திருவிழா. முதல் வாசகம் என் முறை. பிளேடைத் தொட இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். காலையில் ரோசலின் ஆன்ட்டி போன் செய்து, "வேற ஆளப் போடவா?" என்றார். போனை எடுத்தது அம்மா.

"எதுக்கு? அவ வாசிப்பா."

இப்போது கூடத்தில் என் நீலச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். முந்தானையை எந்தப் பக்கம் மடிப்பு வைக்க என்று இங்கே பார்த்துக் கத்துகிறார். போக வேண்டும்.

நீ நன்றாகச் சாப்பிடு, நன்றாகப் பாடு.

உன் அக்கா,
அபிகெயில்